மட்டக்களப்பில் முதல் மவுண்டன் பைக் ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் கியர் சைக்கிள் ஒன்று நிற்கிறது. கடைக்கும் ரியூஷனுக்கும் போய்வருவதைத் தவிர அதற்கு வேலையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய அதை எடுத்துக்கொண்டு தார் இல்லாத பாதையில் கொஞ்சம் ஓடிப் பார்க்க வேண்டும். இப்படி ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. போட்டிக்கு ஓடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் எதற்கு?

நல்ல கேள்வி. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில் ஏற்றம் என்று சொல்ல இருப்பவை பாலங்கள்தான். ஆனால் அந்தச் சைக்கிளின் தடித்த ரயரும், இலகுவான கியரும், அகன்ற ஹாண்டிலும் மலைக்கு மட்டும் உதவுவதில்லை. மணலுக்கும் கிறவலுக்கும் வரம்போரப் பாதைக்கும் அவைதான் வேண்டும். மலைநாட்டில் ஒரு பாதை இலேசா கடினமா என்பதை ஏற்றம் தீர்மானிக்கும். இங்கே அதைத் தீர்மானிப்பவை மணல், காற்று, வெயில் ஆகிய மூன்றும்தான். பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டு வயதுப் பிள்ளையும் ஓடி முடிக்கும். அதே பாதையில் ஆடி மாதம் பகல் பதினொரு மணிக்கு இறங்கினால் பெரியவர்களே சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார்கள். ஆகவே எங்கே போவது என்று யோசிப்பதற்கு முன்னர் எத்தனை மணிக்குப் போவது என்று முடிவு செய்யுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு எந்தப் பாதை நல்லது?

பாலமீன்மடு வெளிச்சவீடு. வேறு இடம் தேட வேண்டாம்.

காந்தி பூங்காவடியில் எல்லோரும் சந்தியுங்கள். சந்திப்பதற்கு மட்டும்தான். விடியற்காலையில் அங்கே நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களுக்கிடையே சைக்கிள் ஓட்டுவது அழகில்லை. 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்டின் சிலையும் பக்கத்தில்தான் இருக்கிறது. பிந்தி வருகிறவர்களுக்கு "சிலையடியில் நிற்கிறோம்" என்று சொன்னால் போதும்.

அங்கிருந்து பார் வீதியைப் பிடித்தால் வெளிச்சவீடு சுமார் ஐந்து கிலோமீட்டர். முழுக்கச் சமதரை. வெளிச்சவீடு 1913இல் கட்டியது, உயரம் 28 மீற்றர். அதனால் வழி கேட்க வேண்டியிராது, தலையை நிமிர்த்தினால் தெரியும். அந்த ஐந்து கிலோமீட்டரில் கால் சூடேறிவிடும். அப்புறம் வெளிச்சவீட்டைச் சுற்றியுள்ள மண் பாதைகளிலும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கத்து மணலிலும் அரை மணி நேரம் விளையாடலாம். களைத்தால் வந்த வீதியாலேயே திரும்பிவிடலாம். முதல் ஓட்டத்துக்கு முக்கியமானது இதுதான்: நினைத்த இடத்தில் நிறுத்தித் திரும்பக்கூடிய பாதையாக இருக்க வேண்டும். சுற்றுப்பாதையில் பாதிக்கு மேல் போய்விட்டால் திரும்பினாலும் தூரம், முன்னால் போனாலும் தூரம்.

ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் திருவிழாச் சனத்துக்குள் சைக்கிள் நகராது. போவதென்றால் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டுக் கும்பிடப் போங்கள்.

விலை கூடின சைக்கிள் வேண்டுமா? சாதாரண லுமாலா சைக்கிள் போதாதா?

வெளிச்சவீட்டுக்கு எந்தச் சைக்கிளும் போகும். மணலில் இறங்குவதென்றால் ரயர் குறைந்தது 1.95 அங்குல அகலம் இருக்கட்டும். ரயரின் பக்கவாட்டில் 26 x 1.95, 27.5 x 2.10 என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள். மெல்லிய ரயர் மணலில் கத்திபோல இறங்கி நின்றுவிடும்.

முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் இருந்தால்தான் மவுண்டன் பைக் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். விலை குறைந்த சைக்கிள்களில் வரும் அந்த ஸ்பிரிங் பாரத்தைக் கூட்டுவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அந்தக் காசை நல்ல பிறேக் கட்டைக்கும் ரயருக்கும் செலவழிப்பது மேல் என்பது என் கணக்கு.

சீட்டின் உயரத்தை மட்டும் கட்டாயம் சரிபாருங்கள். நம் ஊரில் பாதிப்பேர் சீட்டைப் பதித்து வைத்துக்கொண்டு முழங்கால் நாடியில் இடிக்க ஓடுகிறார்கள். சீட்டில் இருந்தபடி குதிக்காலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் அளவு. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடியும். இதைச் செய்த அன்றே "சைக்கிள் இலேசாகிவிட்டதே" என்பீர்கள்.

புறப்பட முன் சைக்கிளில் என்ன பார்க்க வேண்டும்?

முதல்நாள் பின்னேரமே பாருங்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கடை திறந்திராது.

சைக்கிளை ஒரு சாண் உயரம் தூக்கி நிலத்தில் போடுங்கள். எங்காவது கடகடவென்று சத்தம் கேட்டால் அந்த இடத்தில் ஏதோ இளகியிருக்கிறது. முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளுங்கள், பின் சில்லு தூக்க வேண்டும். பின் பிறேக்கைப் பிடித்துத் தள்ளினால் சில்லு சுற்றாமல் இழுபட வேண்டும். இரண்டு சில்லுகளையும் கையால் சுற்றிவிட்டு, பிறேக் கட்டை ரயரில் உரசுகிறதா என்று பாருங்கள். ரிம்மில் பட வேண்டிய கட்டை ரயரில் பட்டுக்கொண்டிருந்தால் ஒருநாள் ரயரை வெட்டிவிடும். செயினை விரலால் தொட்டுப் பாருங்கள். செந்நிறத் தூள் ஒட்டினால் எண்ணெய் விட வேண்டும். கறுப்புக் களி ஒட்டினால் முதலில் துடைக்க வேண்டும். ஊத்தைக்கு மேல் எண்ணெய் ஊற்றினால் மணலும் சேர்ந்து செயினைத் தின்றுவிடும்.

ரயருக்குக் காற்று எவ்வளவு?

"கல்லு மாதிரி அடியுங்கோ" என்று சைக்கிள் கடையில் சொல்வது நம் வழக்கம். தார் வீதிக்குச் சரி. மண்ணுக்குச் சரிவராது.

இரண்டு அங்குல ரயர், அறுபது எழுபது கிலோ ஆள் என்று வைத்துக்கொண்டால் தார் வீதிக்கு 40 பிஎஸ்ஐ, கிறவலுக்கு 30 அளவு. மணலில் 25 வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால், கல்லில் ஏறும்போது ரியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசிந்து பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். அளக்கும் கருவி இல்லாதவர்கள் பெருவிரலால் அழுத்திப் பார்த்தால், 30இல் ரயர் சற்று உள்ளே போகும்.

வெளிச்சவீடு வரை வழமையான காற்றோடு போய், மணலில் இறங்கும் முன் கொஞ்சம் திறந்துவிடுங்கள். அதற்காகவே சிறிய கைப்பம்ப் ஒன்று வேண்டும், திரும்பி வரும்போது அடிக்க. வாங்கும்போது வால்வைக் கவனியுங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற தடித்த வால்வு என்றால் எந்தக் கராஜிலும் காற்றடிக்கலாம். நுனியில் சின்னத் திருகு உள்ள மெல்லிய வால்வு என்றால் அதற்குப் பொருந்தும் சிறிய பித்தளை மூடியொன்றைப் பையில் வைத்திருங்கள். இல்லாவிட்டால் கராஜ்காரர் உங்களையும் நீங்கள் அவரையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மணலில் சைக்கிள் தாழ்கிறதே, எப்படி ஓட்டுவது?

முன் சில்லில் பாரம் இருக்கக்கூடாது. சீட்டில் சற்றுப் பின்தள்ளி இருங்கள். மணல் தொடங்கும் முன்பே கியரை இலேசாக்குங்கள்; மணலுக்குள் போனபிறகு மாற்றினால் செயின் கத்தும், சில நேரம் கழன்றும் விடும். கையை இறுக்காதீர்கள். ஹாண்டில் அங்கும் இங்கும் ஆடும், ஆடட்டும். அதை நேராக்கப் பிடித்து மல்லுக்கட்டுகிறவர்தான் விழுகிறார். காலை நிறுத்தாமல் ஒரே சீராக மிதியுங்கள். முன் பிறேக்கைத் தொட வேண்டாம். சட்டென்று திருப்பவும் வேண்டாம்.

மணலைக் கண்ணால் வாசிக்கவும் பழக வேண்டும். வெள்ளையாகப் பொருபொருவென்று கிடப்பது தாழும். கொஞ்சம் கறுத்து, இரவுப் பனியில் மேல் இறுகியிருப்பது தாங்கும். அடும்பங்கொடி படர்ந்த இடம் ஓரளவு கெட்டி, ஆனால் கொடி பெடலில் சிக்கும். சவுக்கு மரங்களுக்குக் கீழே உதிர்ந்து கிடக்கும் இலைப்படுக்கைதான் எல்லாவற்றிலும் சுகம், மெத்தையில் ஓடுவதுபோல இருக்கும். நிழலும் உண்டு. இராவணன் மீசைப் புற்றுக்குள் மட்டும் காலை விடாதீர்கள். அதன் முனை ஊசி.

தாழ்ந்து நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, எல்லோரும் தள்ளுகிறவர்கள்தான்.

எந்த மாதம்? எத்தனை மணி?

மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை நல்ல காலம். மழை ஓய்ந்து மண் இறுகியிருக்கும், புழுதி இன்னும் கிளம்பியிராது. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று. மேற்கேயிருந்து அனல் வீசும், தொண்டை காய்ந்துவிடும். அந்த மாதங்களில் எட்டரைக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஐப்பசிக்குப் பிறகு மழை. இந்தப் பக்கத்து ஆண்டு மழையில் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரைதான் கொட்டும். அப்போது எழுவான்கரை மணல் நீரை உறிஞ்சி ஓடத்தக்கதாக இருக்கும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் களிமண்ணோ ரயருக்கும் ஃபோர்க்குக்கும் இடையில் அடைந்து சில்லைச் சுற்றவிடாது. மழைக்காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கம் மண் பாதையில் இறங்க வேண்டாம்.

சூரியன் ஜூனில் ஐந்தேமுக்கால் அளவிலும், ஜனவரிக் கடைசியில் ஆறு இருபது அளவிலும் உதிக்கும். விடிந்ததும் புறப்படுவதுதான் முறை. முகில் பார்த்து ஏமாறாதீர்கள், முகில் உள்ள நாளிலும் புழுக்கம் ஆளை வாட்டும்.

காற்றுக்கு ஒரு விதி: போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. பத்து மணிக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்து எழும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

என்ன கொண்டுபோக வேண்டும்?

தண்ணீர். மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல், கச்சான் காலத்தில் முக்கால் லீற்றர். ஒரு போத்தலில் தேசிக்காய்ப்புளியும் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சீனியும் கரைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாழைப்பழம். ஹெல்மெட். சைக்கிளின் ரியூப் அளவுக்கே ஒரு புது ரியூப், பம்ப், ரயர் கழற்றும் கம்பி இரண்டு, அலன் சாவிகள். 26 அங்குல ரியூப் பெரும்பாலான சைக்கிள் கடைகளில் கிடைக்கும். 27.5, 29 என்றால் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வழியில் தேடினால் சிரமம்.

போனைப் பொலித்தீன் உறையில் சுற்றி வையுங்கள். சட்டைப்பையில் வைக்க வேண்டாம், குனிந்த இடத்தில் விழும்.

நடுவழியில் காற்றுப் போனால்?

புது ரியூபைப் போடுங்கள், ஓட்டையை வீட்டில் வந்து ஒட்டலாம். ஆனால் போடும் முன் ரயரின் உட்பக்கத்தை விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். நெருஞ்சி முள் ரயரில் குத்தி முறிந்து அங்கேயே ஒளிந்திருக்கும். அதை எடுக்காமல் புது ரியூபைப் போட்டால் நூறு மீற்றரில் அதுவும் போகும். விரலால் தடவ யோசித்தால் ஒரு துண்டுப் பஞ்சை ஓடவிடுங்கள், முள் இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும்.

எத்தனை வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாம்?

வயதைப் பார்க்காதீர்கள். பிறேக்கைத் தானாகப் பிடித்து நிறுத்தத் தெரிந்தால் வரலாம். பார் வீதியில் ஒரு பெரியவர் முன்னால், ஒருவர் பின்னால், பிள்ளை நடுவில், வீதியின் இடது ஓரமாக. சின்னப் பிள்ளைகளுக்கு வீதி ஓட்டமே வேண்டாமென்றால் சைக்கிளை ஆட்டோவில் ஏற்றி வெளிச்சவீட்டடியில் இறக்கி, மண் பாதையில் மட்டும் ஓடவிடுங்கள். முகத்துவாரத்தில் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். வாவியும் கடலும் இழுத்துக்கொள்ளும் இடம் அது.

பெண் பிள்ளைகள் போவது சரியா?

பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் சைக்கிளில் போகிற பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்ன குறை? மூன்று நான்கு பேராகப் போங்கள். இது ஆண்களுக்கும் சொல்வதுதான். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துவிடுங்கள், தொங்கவிட்டால் பின் சில்லில் சுற்றும். வலது கால் சல்வாரைக் கணுக்காலோடு ரப்பர் வளையத்தால் கட்டுங்கள், செயின் அந்தப் பக்கம்தான்.

வெளிச்சவீடு அலுத்துவிட்டது. அடுத்தது எங்கே?

படுவான்கரை. இதுதான் என் விருப்பமான சுற்று.

ஆரையம்பதிப் பக்கம் மண்முனைச் சந்தியில் திரும்பி மண்முனைப் பாலத்தைக் கடவுங்கள். 2014இல் பாலம் திறக்கும்வரை இந்த இடத்தில் பாதைதான் ஓடியது. நம் ஊரில் பாதை என்றால் வாகனமும் ஆளும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை என்பது உங்களுக்குத் தெரியும். பாலம் கடந்தால் மகிழடித்தீவு, பிறகு கொக்கட்டிச்சோலை. பிரதான வீதி ஓடுவதற்கு நல்லது, ஆனால் சுவை பக்கத்துக் கிறவல் பாதைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும்தான் இருக்கிறது. முதல்நாளே போனில் செய்மதிப் படத்தைத் திறந்து, வயலுக்கு நடுவே செம்மண் கோடாகப் போகும் பாதைகளில் எது மறுபடி வீதியில் ஏறுகிறது, எது வயலுக்குள் போய் முடிகிறது என்று பார்த்துவையுங்கள்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் இளைப்பாறலாம். பக்கத்துக் கடைகளில் பிளேன்ரீயும், கிடைத்தால் சட்டித் தயிரும் சாப்பிடலாம். எருமைத் தயிர் சாப்பிட்டு உடனே மிதிக்க முடியாது, அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து அம்பிளாந்துறைக்குப் போனால் குருக்கள்மடத்துக்கு மிதவைப் பாதை இருக்கிறது. சைக்கிளோடு ஏறி எழுவான்கரையில் இறங்கி, கிரான்குளம், புதுக்குடியிருப்பு, தாளங்குடா வழியே வடக்கே திரும்பலாம். பாதை ஓடுகிறதா என்று கொக்கட்டிச்சோலையிலேயே கேட்டுவிடுங்கள். வெள்ளமோ பலத்த காற்றோ என்றால் நிறுத்திவிடுவார்கள். இல்லையென்றால் மண்முனைப் பாலத்தாலேயே திரும்புங்கள்.

அறுவடைக் காலத்தில், அதாவது தை முதல் பங்குனி வரையும் பிறகு ஆடி ஆவணியிலும், வீதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். ஒரு சில்லுகூட அதில் படக்கூடாது. இறங்கி ஓரத்தால் உருட்டுங்கள். நெல்லுக்கு மேல் ஓட்டிப்போகிறவருக்குக் கிடைக்கும் பேச்சு நியாயமானதுதான். ஒடுங்கிய வாய்க்கால் பாதையில் எதிரே உழவு இயந்திரம் வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். அவர் வேலைக்குப் போகிறார், நீங்கள் விளையாடப் போகிறீர்கள்.

யானை வருமா?

வாவியோரக் கிராமங்களில் பயம் குறைவு. மேற்கே போகப் போக, உன்னிச்சை, வெல்லாவெளிப் பக்கங்களில், யானை அன்றாட விடயம். பின்னேரம் ஐந்துக்குப் பிறகும் விடியுமுன்னும் அந்தப் பக்கக் குளக்கட்டுகளில் சைக்கிளோடு நிற்க வேண்டாம். மோட்டார் சைக்கிளைப்போல உங்கள் சைக்கிள் சத்தம் போடாது. நீங்கள் வருவது யானைக்குத் தெரியாது, யானை நிற்பது உங்களுக்குத் தெரியாது. வீதியில் ஈரமான யானை இலத்தி கிடந்தாலோ, "ராத்திரி வந்தது" என்று வயல்காரர் ஒருவர் சொன்னாலோ அன்றைக்கு அந்தப் பாதையை விட்டுவிடுங்கள்.

குளங்களில் முதலையும் உண்டு. கால் கழுவுவதென்றால் ஊர்ச்சனம் குளிக்கும் துறையில் கழுவுங்கள்.

அம்பாறைப் பக்கம் கல்லோயா, லாகுகலைப் பூங்காக்களுக்குள் சைக்கிளில் போகலாமா?

இல்லை. 1954இல் அறிவிக்கப்பட்ட கல்லோயாவும் 1980இல் அறிவிக்கப்பட்ட லாகுகலையும் யானைகளின் இடங்கள். தேசிய பூங்காவுக்குள் வாகனத்திலோ, கல்லோயாவில் படகிலோதான் போக வேண்டும். லாகுகலையில் பொத்துவில் - மொனராகலை வீதியே காட்டை ஒட்டித்தான் போகிறது. வீதிதானே என்று அதில் சைக்கிள் ஓடுவதும் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆசைக்கு அறுகம்பை, பாணமைப் பக்கத்துக் கடற்கரையோரம் இருக்கிறது, பகலில்.

நாய் துரத்தினால்?

இறங்கி நில்லுங்கள், சைக்கிளை நடுவில் பிடியுங்கள். பெரும்பாலான நாய்களுக்கு ஓடும் சில்லில்தான் கோபம், நின்ற ஆளில் இல்லை. கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

விழுந்து பலத்த அடி என்றால்?

1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எங்கே இருக்கிறோம் என்று சொல்லத்தான் அழைக்கிறவர்கள் தடுமாறுவார்கள். அதனால் கடைசியாகக் கடந்த கோயில், பாடசாலை, சந்தி எது என்பதை ஓடும்போதே மனதில் வைத்திருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைக் கழுவ வேண்டுமா? மறுநாள் கழுவினால் போதாதா?

போதாது. வாவித் தண்ணீரும் உவர், கடற்காற்றும் உப்பு. முகத்துவார மணலில் ஓடிய செயின் ஒரே இரவில் செந்நிறமாகிவிடும். கிணற்று நீரோ குழாய் நீரோ ஒரு வாளி எடுத்து மேலிருந்து மெல்ல ஊற்றுங்கள். வேகமாகப் பீச்சியடித்தால் சில்லின் அச்சுக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் மணல் போய்விடும். பழைய பல் துலக்கியால் செயினையும் பல்சக்கரங்களையும் தேயுங்கள். துணியால் துடைத்து வெயிலில் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு செயினின் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு துளியாகத் தையல் மெசின் எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மேலே மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாகப் பிசினாகிவிடும். பிறேக் படும் ரிம்மில் எண்ணெய் ஒரு துளியும் படக்கூடாது. பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சைக்கிளை அடுத்த முறை வெளியே எடுக்க வேண்டும்.